பாதி வெயில் பட்ட டயல்

எங்கள் பட்டறை வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. மரியாதைக்காக வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீக்க மறந்துவிட்டார்கள் என்று என் மனைவி சொல்கிறாள்.

போன மாதம் அந்தக் குழுவில் ஒரு தம்பி கேட்டான். சர்வீஸ் படிவத்தை எல்லாம் செல்போனுக்கு மாற்றுகிறார்களாம். அதில் ஒரு வரி இடிக்கிறதாம்: "டயல் மாற்றுவதற்கு முன், வாட்சின் சொந்தக்காரர் நேரில் வந்து பழைய டயலை லென்ஸில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்." போட்டோ அனுப்பினால் போதாதா, இந்த வரியை எந்தப் புத்திசாலி போட்டது என்று கேட்டிருந்தான்.

அந்தப் புத்திசாலி நானில்லை. அப்படி ஒரு வரி தேவைப்படும்படி நடந்துகொண்ட ஆள்தான் நான். செல்போனில் தட்டச்சு செய்தால் என் விரல் ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்தை அமுக்குகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பாஸ்கர். வெளிநாட்டு விலையுயர்ந்த வாட்சுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். தொழில் கற்றதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தேன். வாட்ச் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். முதல் வருடம் திருகாணியைத் தரையில் தேடினேன். இரண்டாம் வருடம் அதே திருகாணியைத் தரைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் வருடம்தான் வாட்சைக் கையில் கொடுத்தார்கள். தனியாகத் திறந்த முதல் வாட்சிலேயே ஒரு ஸ்பிரிங் பறந்துபோனது. கம்பெனியே மூழ்கிவிட்டதைப் போல எழுந்து நின்று அறிவித்தேன். மூன்று பேர் மண்டிபோட்டுத் தேடினார்கள். அது என் புருவத்தில் இருந்தது.

ஷோரூம் ஊரின் பளபளப்பான பக்கத்தில் இருந்தது. பட்டறை மட்டும் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். கீழ்த்தளத்தில் ஐஸ் டிப்போ. துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஒன்று நகர்ந்தால் எங்கள் மேசைமேல் டீ நடுங்கும். அதனால் வேலை மேசைகளின் கால்களுக்கெல்லாம் கனமான ரப்பர் வைத்திருந்தோம். தூசிக்கு இரட்டைக் கதவு. மீன் வாசனைக்கு மட்டும் கதவு எதுவும் செல்லுபடியாகவில்லை. மந்திரி கையில் கட்டும் வாட்சாக இருந்தாலும் எங்களிடமிருந்து லேசான சங்கரா வாசனையோடுதான் திரும்பிப் போகும்.

எங்கள் தலைமை கௌரி மேடம். என்னைவிட எட்டு வயது சின்னவர். கடலோரக் காத்திவாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். கையில் வாட்ச் கட்டமாட்டார். வேலைக்கு ஒரு வாட்ச் வந்தால், தொடமாட்டார். அதை மேசையில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் சும்மா பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் மேடம் சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள். யாரையும் திட்டியதில்லை. நாம் தப்பு செய்தால் நம் விரலிலிருந்து சாமணத்தை, அந்தக் குட்டி இடுக்கியை, மெல்ல வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். அந்த டீக்குத் திட்டே தேவலை.

ஒருமுறை ஒரு கட்சிப் பிரமுகர் தன் தங்க வாட்சின் டயலை எடுத்துவிட்டுத் தலைவர் படம் போட்ட டயலை வைக்கச் சொன்னார். முடியாது என்று எப்படிச் சொல்வது என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு, "போடலாம் சார். ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவ விநாடி முள் தலைவர் மூக்கு மேல ஏறி இறங்கும். பரவாயில்லையா?" என்றார். அவர் வாட்சை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு வருடம் இருக்கும். காசிமேட்டிலிருந்து ஏழுமலை என்பவர் ஒரு வாட்ச் கொண்டுவந்தார். விசைப்படகு டிரைவர். அறுபதை நெருங்கும் வயது, தலையில் துண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே கிடந்ததைப் பார்த்ததும் என் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. கடலுக்குள் இறங்கும் டைவர்களுக்காகச் செய்த வாட்ச். அசல். பழைய மாடல். இளமையில் வளைகுடாவில் டைவர்களை ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு டைவர் தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போனாராம். அதைக் கட்டிக்கொண்டுதான் இருபத்தைந்து வருடம் காசிமேட்டில் படகு ஓட்டியிருக்கிறார்.

வாட்ச் ஓடியது. முகம்தான் கெட்டிருந்தது. கறுப்பு டயலில் பாதிக்குமேல் பழுப்பு. அவருக்கு அதுதான் வருத்தம். மகள் வினோதினி கப்பல் படிப்பு முடித்து, சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரியாக வேலைக்குச் சேரப்போகிறாள். கிளம்பும்போது இந்த வாட்சை அவள் கையில் கட்ட வேண்டும்.

"மூஞ்சி பாதி வெந்து போன மாரி கலீஜா கீது சார். அங்க ஆபீசருங்க முன்னாடி எம் பொண்ணு இத்தக் கட்டிகினு நிக்க முடியுமா? புது மூஞ்சி வச்சிக் குடுத்துடுங்க," என்றார்.

நான் படிவத்தை எடுத்தேன். 'குறை' என்ற இடத்தில், "தண்ணீர் இறங்கி டயல் கெட்டுவிட்டது" என்று எழுதினேன். 'பரிந்துரை' என்ற இடத்தில், "டயல் மாற்றவும்". எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகவரி காசிமேடு, ஆள் கடலில், வாட்ச் கடலில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

புது டயல் தலைமை அலுவலகத்திலிருந்து வர இரண்டு மாதம் ஆனது. வந்தபோது வினோதினி கப்பலேற மூன்று நாள்தான் பாக்கி.

டயல் மாற்றுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்மூடியைத் திறந்து, பக்கத்தில் திருகும் சாவியைத் தண்டோடு உருவி, மெஷினை வெளியே எடுக்க வேண்டும். டயலில் கீறல் விழாமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கீறி முட்களுக்கு அடியில் செருகி, இரண்டு பக்கமும் குட்டி நெம்புகோல் வைத்து, மூச்சைப் பிடித்து, மூன்று முள்ளையும் தூக்க வேண்டும். டயலுக்குப் பின்னால் இரண்டு கால் உண்டு, முடியைவிடச் சற்றே தடிமன். பக்கவாட்டில் அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் டயல் கையோடு வரும். ஓரத்தை மட்டும்தான் தொடலாம். முகத்தில் விரல் பட்டால் அந்த ரேகை அந்த வாட்ச் உள்ளவரை இருக்கும். கழற்றிய பழைய டயலை வைத்துக்கொள்ளக் கூடாது, வாடிக்கையாளருக்கும் தரக் கூடாது என்பது அன்றைய விதி. போலி வாட்சில் ஏறிவிடும் என்ற பயம். நடுவில் ஒரு துளை போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

திறந்தேன். உள்ளே மெஷின் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. இங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தண்ணீர் முன்பக்கமாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் என்னைக் கேட்டுக்கொண்டா வழி மாறும்? முள் எடுத்தேன், டயலைத் தூக்கினேன், துளை போடும் கருவிக்கு அடியில் வைத்தேன். கை கைப்பிடியில் இருந்தது. பின்னால் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு பாஸ்கர் சார்?"

படிவத்தில் முகவரியைக் காட்டினேன். "காசிமேடு மேடம்."

"நானும் காத்திவாக்கம்தான். எனக்குள்ளயும் தண்ணி இறங்கியிருக்கான்னு திறந்து பாத்துடலாமா?"

அதற்குப் பதில் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. அழுத்தச் சோதனை செய்தீர்களா என்று கேட்டார். செய்யவில்லை. மெஷின் எடுத்த காலிக் கூட்டை மறுபடி மூடிக் கருவியில் வைத்துக் காற்றை ஏற்றினார். கருவியின் முள் இம்மி அசையவில்லை. இருபத்தைந்து வருடம் கடலில் கிடந்த அந்தக் கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை. மேடம் என் விரலிலிருந்து சாமணத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் துளை போடும் கருவிக்கு அடியில் டயல் இல்லை.

அடுத்த பத்து நிமிடத்தைப் பற்றி என் குடும்பத்தாருக்கு இதுவரை சொல்லவில்லை. முதலில் மேசை. பிறகு மேசைக்கு அடியில். பிறகு என் சட்டைப் பை, கால்சட்டை மடிப்பு, புருவம். கதவு இடுக்கு வழியாகப் பறந்து ஐஸ் டிப்போவில் விழுந்து, யாரோ வாங்கிய வஞ்சிரத்தோடு இந்நேரம் மாதவரம் போய்விட்டதாகவே முடிவு செய்தேன். ராஜினாமாக் கடிதத்தின் முதல் இரண்டு வரி மனதில் தயார். மண்டிபோட்டபடியே மூன்றாம் வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது.

"உங்க பின்னாடிதான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன். தேடி முடிச்சிட்டீங்கன்னா இங்க வந்து இதப் பாருங்க."

மேடம் டயலை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வெயிலில் வைத்திருந்தார். கண் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

முப்பது வருடத்தில் எத்தனையோ டயல் பார்த்திருக்கிறேன். வைரம் பதித்தது, முத்துச்சிப்பியில் அறுத்தது, விண்கல்லைச் சீவிச் செய்தது. எதற்கும் நான் மூச்சை மறந்ததில்லை. இதற்கு மறந்தேன். பன்னிரண்டுக்குச் சற்று வலப்பக்கத்திலிருந்து ஐந்துக்குச் சற்று இடப்பக்கம் வரை, சாய்வாக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. கோட்டுக்கு வலப்பக்கம் கறுப்பு, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது போன்ற கறுப்பு. இடப்பக்கம் பழுப்பு. ஒரே பழுப்பு இல்லை. கோட்டின் ஓரத்தில் காபித் தூள் நிறம், நடுவில் புளி, ஒன்பது மணிப் பக்கம் போகப் போகக் கருப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் வருமே, அந்தச் செம்மை. உள்ளிருந்து விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. எந்தப் பெயின்டரும் செய்ய முடியாது. செய்யச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது.

"தண்ணி கோடு போடாது," என்றார் மேடம். "இது வெயில். அந்தக் காலத்து மையில சிலது வெயில் பட்டா இப்படி மாறும்."

வெயில் சரி. பாதிக்கு மட்டும் எப்படி? வாட்ச் என்ன பாதி நிழலிலா வேலை பார்த்தது? மேடத்துக்கும் தெரியவில்லை. நான் அவருக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஏழுமலைக்குப் போன் போட்டேன். நாளைக் காலை வாருங்கள் என்று சொல்லும்போது என் குரல் கேட்டு, வாட்ச் தொலைந்துவிட்டதா என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

மறுநாள் மகளோடு வந்தார். வினோதினி ஒல்லியான பெண். கறுப்புப் பேன்ட், முழுக்கைச் சட்டை. அப்பாவை நைனா என்றாள். நான் இருந்த பதற்றத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டேன். இந்த டயல் அபூர்வம், மாற்றாதீர்கள், வெளிநாட்டில் இப்படி நிறம் மாறியதற்காகவே தேடி அலைகிறார்கள், புது டயலைவிட இதற்குத்தான் மதிப்பு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ஏழுமலை பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சார், புது டயல் குடுக்க மன்சு வர்லியா? ரெண்டு மாசம் காக்க வச்சிட்டு இப்ப வந்து பழசுதான் சூப்பர்னு கத வுட்றீங்க."

மேடம் நடுவில் வந்தார். எங்கள் தப்பை முதலில் சொன்னார். தண்ணீர் இறங்கியது என்று எழுதியது பொய், உங்கள் வாட்சில் தண்ணீரே இறங்கவில்லை என்றார். பாஸ்கர் சார் சொன்ன மதிப்பும் உண்மைதான், ஆனால் முடிவு உங்களுடையது, நீங்கள் சொன்னால் இன்றே மாற்றித் தருகிறோம் என்றார். பிறகு அந்தக் கோடு எப்படி வந்தது என்று கேட்டார்.

ஏழுமலை சிரித்தார். பேன்ட் பையிலிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் துண்டை எடுத்தார். சைக்கிள் டியூப், இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியது. வெறும் கூட்டைத் தன் இடது கையில் வைத்து, டியூப்பை மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்துச் சாவி மேலாகச் சாய்வாக இழுத்துச் சுற்றினார்.

"வல இஸ்க்கும்போது கண்ணி போயி இந்தச் சாவில மாட்டிக்கும் மேடம். மாட்டிச்சின்னா கையோட இஸ்துகினு பூடும். அதுக்குத்தான். எங்காளுங்க வாட்ச் கட்னா இப்பிடித்தான் கட்டுவோம். பன்னண்டுலேந்து அஞ்சு வரைக்கும் எனக்கு மணியே கெடையாது."

கண்ணாடியில் டியூப் மறைத்த இடமும் டயலில் கறுப்பாக நின்ற இடமும் ஒன்று. அதே சாய்வு. டப்பாவிலிருந்த டயலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடியளவு வித்தியாசமில்லை. இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் அதே இடத்தில் அதே சாய்வில் சுற்றியிருக்கிறார். எங்கள் தொழிலில் அந்தத் துல்லியத்துக்குக் கருவி வைத்திருக்கிறோம். அவர் பல்லால் இழுத்துக் கட்டியிருக்கிறார்.

மேடம் டயலை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பாருங்கள் என்றார். ஏழுமலை கண்ணை வைக்கப் போக, தலைத்துண்டு இடித்தது. கழற்றினார். அப்போதுதான் நாங்கள் மூவரும் பார்த்தோம். புருவத்துக்கு மேல், துண்டு உட்காரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு நிறம், கீழே கருப்பட்டி. வினோதினி அந்த நெற்றியை முன்பின் பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை மறுபடி குனிந்தார். பேசியபோது தலை நிமிரவில்லை.

"காலீல கெளம்புனா கெழக்கப் போறோம். சூரியன் நேரா மூஞ்சில. கரைக்கு வர்றது சாயங்காலம், மேக்கால பாத்து வரோம். அப்பவும் மூஞ்சில. முதுவுல வெயில் பட்டதே இல்ல. அத்தினியும் இதுல வந்து குந்திகினு கீதா?"

"ஆமாங்க," என்றார் மேடம்.

நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், லென்ஸில் பார்த்த கூச்சம் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தது, டயல் பிழைத்தது என்று நான் மனதுக்குள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "புதுசே போட்ருங்க."

நான் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் கையை வைத்து மறைத்தேன்.

"கலீஜ்னு சொல்ல மாட்டேன் இனிமே. ஆனா இது என் வெயிலு சார். என் வெயிலத் தூக்கிகினு அவ இன்னாத்துக்குப் போவணும்? அவளுக்குன்னு ஒரு வெயிலு கீது. புது மூஞ்சில அது வுழட்டும்."

அவர் சொன்னது நியாயம். சொல்லாமல் விடக் கூடாத ஒரு விஷயம் மட்டும் இருந்தது. அதைச் சொன்னால் மறுபடி டயல் கொடுக்க மனசில்லாதவன் ஆகிவிடுவேன் என்று பயந்து மேடத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார். இப்போது வரும் டயலில் மை வேறு. எத்தனை வருடம் வெயிலில் வைத்தாலும் நிறம் மாறாது.

ஏழுமலை மகளைப் பார்த்தார். அவள் முறை கேட்காமல் மைக்ராஸ்கோப்பில் போய்க் குனிந்தாள்.

"மேடம், இந்தக் கறுப்புப் பக்கம் இருக்குல்ல. அதுவும் பழைய மைதானே?"

"ஒரே டயல்தானே. அதேதான்."

"வெயில் பட்டா மாறுமா?"

"மாறலாம். உறுதியா சொல்ல மாட்டேன். வருஷங்க ஆகும்."

அவள் நிமிர்ந்து அப்பாவிடம் திரும்பினாள். "அப்ப இதுவே இருக்கட்டும் நைனா. அந்தப் பாதி உன்னுது. இந்தப் பாதி என்னுது. நான் டியூப் கட்ட மாட்டேன்."

ஏழுமலை கையில் வைத்திருந்த டியூப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

பழைய டயலை மறுபடி நான்தான் மாட்டினேன். மேடம் சாமணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்படி அவர் கொடுத்ததும் அதுவே முதல்முறை. அது மேசையில் டக்டக்கென்று தட்டியது. கீழே லாரி போகிறது என்று சொன்னேன். லாரி எதுவும் போகவில்லை என்று மேடம் சொன்னார். கால்களைத் துளையில் இறக்கி, திருகாணியை அரைச் சுற்று முடுக்கி, மூன்று முள்ளையும் பன்னிரண்டில் சேர்த்து வைத்தேன். புது டயல் திறக்கப்படாமலே தலைமை அலுவலகத்துக்குத் திரும்பியது. ஏன் என்று கேட்டு வந்த கடிதத்துக்கு மேடம் எழுதிய பதிலில்தான் அந்தத் தம்பி கேட்ட வரி முதன்முதலாக வந்தது. போட்டோவில் வெயில் தெரியாது, தம்பிகளா. நெற்றியும் தெரியாது. அந்த வரி இருக்கட்டும்.

வாட்சை மகள் கையில் அப்பாதான் கட்டினார். கட்டி முடித்ததும் பழக்கத்தில் அவர் கை டியூப்பை எடுத்துச் சாவிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். "வாணாம்னேன்ல நைனா."

அவர்கள் இறங்கிப் போனபின் நானும் மேடமும் ஜன்னலில் நின்றோம். ஐஸ் டிப்போ வாசலில் கூடை வண்டிகளுக்கு நடுவே இருவரும் வெளிப்பட்டார்கள். காலை பதினொரு மணி வெயில். ஏழுமலை துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். வினோதினி நடந்துகொண்டே இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி ஏற்றினாள். அது நழுவி இறங்கியது. மறுபடி ஏற்றினாள். பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கி நிற்க, அவள் மட்டும் அந்தக் கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.